கொச்சையான அரசியல் காமெடிக்குச் சிரிப்பவளிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேசுவரம் தீவில், பாம்பனிலிருந்து தங்கச்சிமடம் போகிற வழியில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஜெராக்ஸ் என்பது போர்டில் எழுதியிருப்பது. சோறு போடுவது மனு எழுதுகிற வேலை. மீன்பிடித் தடைக்கால நிவாரணம் வரவில்லை, படகுப் பதிவில் பெயர் தப்பு, முதியோர் பென்ஷன் நின்றுபோச்சு, எல்லாம் என் மேசைக்கு வரும். எழுதும்போது பக்கத்தில் போனில் அரசியல் காமெடிக் காட்சிகளைப் போட்டுவிட்டுக் காதால் கேட்டுக்கொண்டிருப்பேன். அதுவும் நாசூக்கான ரகம் கிடையாது, போட்டு உரிக்கிற ரகம். 'பாத்தா டீச்சர் மாதிரி இருக்கீக, இதையா கேக்குறீக?' என்பதில் ஆரம்பித்து இத்தனை வருஷத்தில் வந்த கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

கொச்சையான அரசியல் காமெடி என்று எதைச் சொல்கிறீர்கள்?

அரசியல்வாதியை டீக்கடை மொழியில் கிழிப்பதைச் சொல்கிறேன். சோவின் 'முகமது பின் துக்ளக்' (நாடகமாக 1968, படமாக 1971) கூர்மையானது. ஆனால் முழுசாக ரசிக்க அந்தக் காலத்துச் செய்தி கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். நான் சொல்வதற்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். 'சூரியன்' (1992) படத்தில் கவுண்டமணி ஒயர் அறுந்த போனை வைத்துக்கொண்டு பெரிய இடத்தோடு பேசுவதாகப் பந்தா விடுவாரே, அது. குட்டு உடைந்தாலும் அவருக்குக் கூச்சமே வராது. அந்தப் படத்தில் அவர் சொன்ன 'அரசியல்ல இதெல்லாம் சாதாரணமப்பா' இன்றைக்குப் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. படம் வந்தபோது பிறக்காத பையன்கூட, கொடுத்த மனு மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்தபோது என் கடை வாசலில் நின்று அதைத்தான் சொன்னான்.

அதில் அப்படி என்னதான் ரசிக்க இருக்கிறது?

'அமைதிப்படை' (1994) நாற்காலிக் காட்சியைச் சொல்கிறேன். மணிவண்ணன் இயக்கிய படம். கோயிலில் சிதறு தேங்காய் பொறுக்குகிற அமாவாசையை, அதாவது சத்யராஜை, மணிவண்ணன் செய்யும் பாத்திரமே தேர்தலில் நிறுத்திவிடும். ஓட்டு எண்ணுகிறார்கள். அமாவாசை நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முன்னிலை செய்தி வர வர உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சாயும். முதுகு சாய்மானத்தைத் தொடும், கால் மேல் கால் ஏறும், பக்கத்தில் இருக்கிறவரிடம் பேசுகிற மரியாதை ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கும். அதிகாரம் வந்தால் மனுஷன் மாறிவிடுவான் என்று யாரும் அங்கே பிரசங்கம் செய்யவில்லை. ஒரு நாற்காலியும் ஒரு முதுகும் போதுமாக இருந்தது.

அந்த நாற்காலி எனக்குப் பழக்கமானது. எங்கள் பக்கம் ஒருவர், ஊரைச் சொல்ல வேண்டாம், ஓட்டுக் கேட்டு வந்தபோது என் கடையில் கால் உடைந்த ஸ்டூலில் உட்கார்ந்து, 'தண்ணி குடும்மா தங்கச்சி' என்று வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். ஜெயித்த பிறகு மனுவோடு போனேன். அவர் கண் என் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தபடி இருந்தது. அன்றைக்கு ராத்திரி அந்தக் காட்சியை மறுபடி போட்டுப் பார்த்தேன், சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அழுதிருக்கவும் செய்யலாம், ஆனால் அந்தச் சந்தோஷத்தை அவருக்கு எதற்குக் கொடுக்க வேண்டும்?

தனியாகப் பார்ப்பது நல்லதா, கூட்டமாகவா?

நாசூக்கான நையாண்டிக்குத் தனியாகச் சிரிக்கலாம். இந்த ரகத்துக்குக் கூட்டம் வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும். தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே ஐந்தாறு பேர் வலையைப் பரப்பிப் போட்டுப் பொத்தல் அடைப்பார்கள். நடுவில் ஒரு தண்ணீர்க் கேனில் போனைச் சாய்த்து வைத்துக் காமெடி ஓடும். யாரும் திரையைப் பார்ப்பதில்லை, கண் வலைக் கண்ணில் இருக்கும். கவுண்டமணி வாயைத் திறப்பதற்கு அரை விநாடி முன்னாலேயே யாராவது ஒருத்தர் அந்த வசனத்தைச் சொல்லிவிடுவார், எல்லோரும் சிரிப்பார்கள், அதற்கப்புறம்தான் போனிலிருந்து சத்தம் வரும். ஒரு நாள் அங்கே நாற்காலிக் காட்சி ஓடியது. அதுவரை ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் வலை ஊசி நின்றது. 'இந்தா, இப்பக் கால் மேல கால் போடுவான் பாரு' என்றார். போட்டதும் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு ஊசியை மறுபடி விட்டார்.

முன்பெல்லாம் கண்ணியமாகக் கிண்டல் செய்தார்களே. இப்போதுதானே தரம் கெட்டுப்போச்சு?

யார் சொன்னது? எம்.ஆர்.ராதா மேடையில் பேசியதைக் கேட்டுவிட்டு யாரும் 'என்ன கண்ணியம்!' என்று சொல்லியிருக்க மாட்டார்கள். 'ரத்தக்கண்ணீர்' படமாக வந்த அதே 1954-இல்தான், நாடகம் போடுவதற்கு முன் எழுத்துப் பிரதியை அதிகாரிகளிடம் காட்ட வேண்டும் என்று வற்புறுத்துகிற சட்டமும் இங்கே வந்தது. அதன் முக்கியமான பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது 2013-இல். கணக்குப் போட்டுப் பாருங்கள். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் மென்மையாகச் சிரிக்க வைத்தவர், அது அவர் வழி. இரண்டு வழியும் பக்கத்துப் பக்கத்தில்தான் ஓடின. நமக்கு ஞாபகத்தில் மென்மையானது மட்டும் நிற்கிறது, அவ்வளவுதான்.

கடற்கரைப் பக்கம் இதற்கு ஏதாவது வேர் இருக்கிறதா?

சினிமாவுக்கு முன்னாலேயே பபூன் இருக்கிறாரே. ராமநாதபுரம், மதுரை, புதுக்கோட்டை வட்டாரத்தில் கோயில் திருவிழா என்றால் 'வள்ளி திருமணம்' நாடகம் இல்லாமல் முடியாது. சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் வந்த ஸ்பெஷல் நாடகம். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பிக்கும். ராஜபார்ட் வருவதற்கு முன்னால் பபூன் வந்து மேடையைப் பிடித்துக்கொள்வார். முதலில் மைக்செட்டைக் கிண்டல் செய்வார், அப்புறம் ஆர்மோனியக்காரரை, அப்புறம் முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருக்கும் பிரமுகரை. 'தலைவர் நம்ம ஊருக்குப் பாலம் கட்டித் தர்றதாச் சொல்லியிருக்காரு. ஆறு எங்கன்னு கேட்டேன். அதையும் சேத்துத் தர்றேன்னுட்டாரு' என்கிற மாதிரி ஒன்றைப் போடுவார். பிரமுகரும் சிரித்தே ஆக வேண்டும். சிரிக்காவிட்டால் அடுத்த பத்து நிமிஷமும் அவர்தான் சரக்கு.

கரைவலை இழுக்கிற இடத்திலும் இது உண்டு. இழுப்புக்குத் தாளமாகப் பாடுகிற அம்பாப் பாட்டில் சம்மாட்டியையே இழுத்துவிடுவார்கள். கூலி கொடுக்கிறவர் கரையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். பாட்டுக்காகக் கூலியைக் குறைத்தால் மறுநாள் பாட்டு இன்னும் நீளும். சின்ன வயசில் எங்கள் தாத்தா கைப்பிடியில் நின்று கேட்ட ஒரு அம்பாவின் பாதி வரிகளை என்னால் இங்கே எழுத முடியாது.

இதையெல்லாம் சென்சார் எப்படி விடுகிறது?

நிறைய விடுகிறது, கொஞ்சம் மியூட் செய்கிறது. 1952-ஆம் வருஷத்து ஒளிப்பதிவுச் சட்டம்தான் அடிப்படை. படத்தைப் பார்த்துவிட்டு யு, யுஏ, ஏ என்று சான்றிதழ் தருவார்கள். 2023 திருத்தத்துக்குப் பிறகு யுஏவே 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்துவிட்டது. கெட்ட வார்த்தை, நிஜக் கட்சியின் பெயர், கொடி, இவற்றில்தான் கத்தரி பெரும்பாலும் விழும். அதனால்தான் படங்களில் கட்சிக் கொடி மட்டும் உலகத்தில் எங்கும் இல்லாத ஒரு நிறத்தில் பறக்கிறது. முன்பு சான்றிதழில் சண்டை வந்தால் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருந்தது. 2021-இல் அதை எடுத்துவிட்டார்கள், இப்போது உயர் நீதிமன்றம்தான்.

இன்னொன்று. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்தின் வழக்கில் 1989-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை எல்லோரும் ஒரு தடவை தெரிந்துகொள்ள வேண்டும். அரசாங்கத்தின் கொள்கையை விமர்சிப்பது தடை செய்யக் காரணமாகாது, கலாட்டா வரும் என்று பயந்து அரசு கையை விரிக்கக் கூடாது என்பது அதன் சாரம். சட்டம் இப்படி இருக்க, 2018-இல் 'சர்கார்' வெளியான பிறகு ஆளுங்கட்சிக்காரர்கள் தியேட்டர் வாசலில் நின்று சில காட்சிகளை எடுக்க வைத்தார்கள். சான்றிதழ் வாங்கிய படம் அது. சென்சாரை விட வாசல் பெரிசு என்று அன்றைக்குத் தெரிந்தது.

பெண்களையும் உடம்பையும் நிறத்தையும் கேலி செய்வது இந்தக் காமெடியில்தானே அதிகம்? பெண்ணாக இருந்துகொண்டு எப்படிச் சிரிக்கிறீர்கள்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நேர்மையாக இருக்க வேண்டும். சிரித்திருக்கிறேன். கறுப்பு, குள்ளம், மொட்டை என்று செந்தில் வாங்கிய அடிக்கும் உதைக்கும் நான் சிரித்த சிரிப்பைக் கணக்கெடுத்தால் எனக்கே வெட்கமாக இருக்கும். அண்ணன் மகள் ஒரு நாள் பக்கத்தில் இருந்து, 'அத்தை, அந்தாளு என்ன தப்புச் செஞ்சாரு?' என்று கேட்டாள். அப்பளம் நமத்த மாதிரி ஆகிவிட்டது எனக்கு.

அன்றிலிருந்து என் தொழிலிலிருந்தே ஒரு அளவுகோல் வைத்திருக்கிறேன். மனுவில் பெறுநர் என்று ஒரு வரி உண்டு. உள்ளே என்னதான் காரசாரமாக எழுதினாலும், மீன்வளத்துறைக்குப் போக வேண்டியதை மின்சார வாரியத்துக்கு எழுதினால் அது குப்பைதான். காமெடியிலும் வசவு எவ்வளவு பச்சையாக இருந்தாலும் நான் முகம் சுளிக்க மாட்டேன், போய்ச் சேருகிற விலாசம் சரியாக இருந்தால். அமைச்சரைத் திட்ட ஆரம்பித்து, பாதி வழியில் அவர் வீட்டு வேலைக்காரியின் உடம்பில் போய் முடிகிறதா? அது விலாசம் மாறிய கடிதம், நான் தள்ளிவிட்டுவிடுவேன். வேடிக்கை என்னவென்றால், நல்ல கொச்சைக் காமெடி இந்தத் தப்பைக் குறைவாகச் செய்கிறது. சரக்கு இல்லாதவர்தான் இடுப்பைத் தேடுவார்.

சாதியை வைத்து?

'இம்சை அரசன் 23ம் புலிகேசி' (2006) படத்தில் ராஜா சாதிச் சண்டை போடுவதற்கென்றே ஒரு மைதானம் திறந்துவைப்பார். ஊருக்குள் அடித்துக்கொள்ள வேண்டாம், இங்கே வந்து வசதியாக வெட்டிக்கொள்ளுங்கள் என்று. மற்ற மாவட்டத்தில் அந்தக் காட்சிக்கு விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். சாதிக் கலவரம் பார்த்த எங்கள் மாவட்டத்தில் சிரிப்பு தொண்டையில் கொஞ்சம் நின்றுதான் வெளியே வரும். வடிவேலு அங்கே எந்தச் சாதியையும் கிண்டல் செய்யவில்லை, சண்டையில் லாபம் பார்க்கிறவனைச் செய்கிறார். விலாசம் சரி.

கச்சத்தீவை வைத்துக் காமெடி செய்தால் உங்கள் பக்கம் கோபம் வராதா?

எதைக் கிண்டல் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1974 ஒப்பந்தத்தில் அது இலங்கைக்குப் போனதிலிருந்து ஒவ்வொரு தேர்தலிலும் யாராவது ஒருவர் ராமேசுவரத்தில் மேடை போட்டு அதை மீட்டுக்கொண்டிருக்கிறார். மேடைக் கணக்குப்படி பார்த்தால் இந்நேரம் கச்சத்தீவு நூறு தடவையாவது நம் பக்கம் வந்து போயிருக்கும். அந்தப் பேச்சைக் கிண்டல் செய்தால் முதலில் சிரிப்பது நாங்கள்தான். எங்களுக்கு இரண்டு கரை தெரியும், கடற்கரையும் வேட்டிக் கரையும். இரண்டிலும் அலை எப்போது உள்ளே வரும், எப்போது திரும்பும் என்று சொல்லிவிடுவோம்.

பிடிபட்டுப் போன பையன்களை வைத்துச் செய்தால் வேறு கதை. ஒரு தடவை இலங்கைச் சிறையில் இருக்கிற புருஷனுக்காக மனு எழுத ஒரு பெண் வந்தார். என் போனில் டெல்லிக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருக்கிற ஒரு தலைவரைக் கிண்டல் செய்யும் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. பதறிப்போய் அணைக்கக் கையை நீட்டினேன். 'இருக்கட்டும் அக்கா. அவுக எழுதுன மாதிரிதான நீங்களும் எழுதப் போறீக' என்றார். அவர் சிரிக்கவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. அன்றைக்கு நான் காசு வாங்கவில்லை.

நிஜ அரசியலே காமெடியாகிவிட்டதே, படம் எதற்கு?

2024 நாடாளுமன்றத் தேர்தலை மனசில் வைத்துத்தானே கேட்கிறீர்கள்? ராமநாதபுரத்தில் முன்னாள் முதலமைச்சர் ஓ.பன்னீர்செல்வம் சுயேச்சையாகப் பலாப்பழம் சின்னத்தில் நின்றார். அதே தொகுதியில் அதே பெயரில் வேறு சிலரும் நின்றார்கள். பட்டியலில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப. ஒரு படத்தில் இதை வைத்திருந்தால் 'ரொம்ப ஓவர்' என்று விமர்சனம் எழுதியிருப்பார்கள். என் கடைக்கு வந்த ஒரு பாட்டி, 'ஒரே ஆளு எத்தனை தடவைப்பா நிப்பாரு?' என்று கேட்டார். இதைவிட நல்ல வசனம் எந்த எழுத்தாளருக்கு வரும்? ஆனாலும் படம் வேண்டும். நிஜத்தில் நடக்கும்போது நாம் அதற்கு நடுவில் நிற்கிறோம், மையும் வைத்துக்கொள்கிறோம். கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க ஒரு திரை தேவைப்படுகிறது.

என் கட்சியைக் கிண்டல் செய்தால்?

அப்போதுதான் ருசியே தெரியும். ஒரு கட்சிக் காமெடிக்கு மட்டும் சிரிப்பவருக்குப் பெயர் ரசிகர் இல்லை, தொண்டர்.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

'மண்டேலா' (2021) பார்க்கலாம். இரண்டு கோஷ்டிக்கும் ஓட்டு சரிசமமாக இருக்க, முடி திருத்துகிறவரின் ஒற்றை ஓட்டுக்காக ஊரே அவரைத் தூக்கி வைத்து ஆடுகிற கதை. யோகி பாபு நடித்தது. சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால் டிவியில் வந்தது. எங்கள் வீட்டில் பூத் சிலிப்பைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தோம். மற்றதை நீங்கள் முதலில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் சிரித்தது இப்போது பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது வேறு மாதிரி கேட்கும். அனுபவத்தில் சொல்கிறேன்.

இதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கலாமா?

வைக்கலாம். உங்களுக்குக் கடன் கொடுத்தவர் எந்தக் கட்சி என்று ஒரு தடவை யோசித்துவிட்டு வையுங்கள்.

சிரித்துவிட்டால் கோபம் வடிந்துவிடாதா? கேட்க வேண்டியதைக் கேட்காமலே போய்விடுவோமே?

இது நியாயமான பயம். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், நானே பல நாள் அப்படித்தான். ஆனால் என் மேசையில் நான் பார்ப்பது வேறு. மனு கொடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் பயந்து பேசுவார்கள். 'அய்யா அவர்கள் கருணை கூர்ந்து' என்பதைத் தவிர ஒரு விவரமும் வாயில் வராது. என்ன தேதி, யார் என்ன சொன்னார், எதற்குத் திருப்பி அனுப்பினார், எதுவும் வராது.

போன வருஷம் ஒரு விசைப்படகுத் தொழிலாளி வந்தார். நிவாரணப் பணம் நின்றுபோயிருந்தது. அரை மணி நேரம் கேட்டும் 'என்னமோ சொன்னாக' என்பதற்கு மேல் நகரவில்லை. போனில் ஓடிக்கொண்டிருந்த காமெடியைக் கொஞ்ச நேரம் கேட்டார். திடீரென்று எழுந்து, தான் போன ஆபீசில் இருந்தவர் மாதிரியே நடித்துக் காட்ட ஆரம்பித்துவிட்டார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, விரலை எச்சில் தொட்டு ஃபைலைப் புரட்டி, 'இது பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் சொன்னது, ஆதார் நகல் இல்லேன்னாரு. இது சித்திரை பொறந்த பிறகு, ஆதார் இருக்கு பாஸ்புக் எங்கன்னாரு. இது தடை முடிஞ்சு மொத நாளு, நான் கடலுக்குப் போகாமப் போயி நிக்கிறேன், லீவுல போயிட்டாராம்.' கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரித்துக்கொண்டே மூன்று தேதியையும் பேப்பரில் குறித்துக்கொண்டேன். பங்குனி உத்திரத்துக்குக் காலண்டர் பார்க்க வேண்டியிருந்தது. மனு ஒன்றரைப் பக்கம் வந்தது. பெறுநர் வரியை மட்டும் அவரே சொன்னார், சிரிக்காமல்.

உங்கள் கடைக்கு வந்தால் நாங்களும் பார்க்கலாமா?

வாருங்கள். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்குக் கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள். காலையிலிருந்தே கூட்டம், போனை எடுக்கக்கூட நேரம் இருக்காது. மற்ற நாள் சாயங்காலம் என்றால் ஆள் குறைவு. ஸ்டூலில் கால் இன்னும் உடைந்துதான் இருக்கிறது, பார்த்து உட்காருங்கள்.